நாலு மேலே, நாலு கீழே

வடக்குப்பட்டு
30-06-2025

மாரியின் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் சுபஸ்ரீ. பள்ளியில் மாரிக்கும் அவளைப் போன்ற இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் கணக்கு சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர். உங்கள் போனுக்கு என் அழைப்பு போவதில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சண்டை வரும், அதை மாரி பார்ப்பாள். அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் சந்திரம்மாளிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பிள்ளைகளை ஒரகடம் ரோட்டோரம் கூட்டிப் போனது நான்தான். மறுக்கவில்லை. இரண்டு வருடமாக மாரி மூன்றுக்கு மேல் எண்ண மாட்டாள். மணி, புளியங்கொட்டை, வண்ணக் கட்டை, எதைக் கொடுத்தாலும் மூன்றோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் பள்ளி மாடியிலிருந்து கார் ஏற்றிப் போகும் ட்ரெய்லரைப் பார்த்துக் குதித்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன். சர்வீஸ் ரோட்டில், கம்பி வேலிக்கு உள்பக்கம் நிற்கவைத்து, "மேல் தட்டில் நாலு கார், கீழ் தட்டில் நாலு கார், மொத்தம் எட்டு" என்று சொல்லிக்கொடுத்தேன். மாரி கைதட்டிக்கொண்டே எட்டு வரை வந்தாள். அந்த மகிழ்ச்சியில் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக அந்த ரோட்டுக்குப் போனாள் என்பதைத் தலைமையாசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னியுங்கள். மாரியைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

சுபஸ்ரீ


வடக்குப்பட்டு
02-07-2025

டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் படிக்காமல் கிழிக்கத்தான் நினைத்தேன். சந்திரம்மா விடவில்லை. "இன்னாதான் எழுதிகீறாங்கன்னு மொதல்ல படி. அப்புறம் கியி" என்றாள். படித்தேன்.

வேலிக்கு உள்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கூட இருந்தீர்கள், வேலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டும் இல்லை. நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். தாழ்ப்பாளை அவளே திறந்துகொண்டு போயிருக்கிறாள். சந்திரம்மா பார்த்தபோது மாரி ரோட்டுக்கு நடுவே, செடி வைத்திருக்கும் திட்டின்மேல் நின்று, போகிற ட்ரெய்லருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தாளாம். பாதி ரோட்டைத் தாண்டியிருக்கிறாள் டீச்சர். எப்படித் தாண்டினாள் என்று நினைத்தால் இன்றைக்கும் கம்பெனி லைனில் என் தையல் கோணிக்கொண்டு போகிறது. நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். நான் தைத்த சீட்டு போட்ட கார் ஏதாவது அவளை அடித்திருந்தால்?

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவள் அப்பா இசக்கிதுரை ட்ரெய்லர் டிரைவர். இங்கே கார் ஏற்றிக்கொண்டு போனால் நாக்பூர், குர்கான் என்று வாரக்கணக்கில் வரமாட்டார். மாரிக்கு எல்லா ட்ரெய்லரும் அப்பா வண்டிதான். அவள் குதித்தது காரைப் பார்த்து இல்லை.

எனக்குக் கணக்கு வேண்டாம். எனக்கு என் பிள்ளை வேண்டும். இனி அவள் பள்ளிக்கு வரமாட்டாள். நான் வேலைக்குப் போகும்போது சந்திரம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். பதில் எழுத வேண்டாம்.

அம்சவல்லி


வடக்குப்பட்டு
04-07-2025

அம்சவல்லி அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரியின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. பதிவேட்டில் ‘ஓட்டுநர்’ என்று இருந்தது. ஆட்டோ என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டேனே தவிர, ஏன் பிடிக்கும் என்று கேட்கவில்லை. நீங்கள் தலைமையாசிரியரிடம் கொடுத்த புகார் சரியானது. அவர் விளக்கம் கேட்டார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி பெற்றோரைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் பள்ளி வாசலைத் தாண்டாது.

பள்ளிக்கு அனுப்புங்கள் என்று மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று. கடையில் மாரி எதையாவது எண்ணுகிறாளா? எண்ணினால் தடுக்காதீர்கள். அது போதும்.

சுபஸ்ரீ


வடக்குப்பட்டு
11-07-2025

டீச்சர்,

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. லைனில் பக்கத்தில் தைக்கிற ரத்னாவிடம் சொன்னேன். "இட்லிதானே அக்கா?" என்றாள்.

நேற்று ஷிப்ட் முடிந்து மாரியைக் கூட்டிவரக் கடைக்குப் போனேன். சந்திரம்மாவின் இட்லித் தட்டு நாலு குழித் தட்டு. மாரி வெந்த தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு. பிறகு விரலால் குத்திக்குத்தி "நாலு மேல. நாலு கீழ" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் "எட்டு" என்றாள்.

சந்திரம்மா சிரித்துவிட்டாள். "இன்னாடி எட்டு? இது இன்னா லாரியா?"

மாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குப் பேச்சு சீக்கிரம் வராதே, உங்களுக்குத் தெரியும். தொண்டையை இறுக்கி, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னாள். "லாரி இல்ல. இட்லி. அதும் எட்டு. இதும் எட்டு."

இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று சொல்ல முடியுமா?

அம்சவல்லி


வடக்குப்பட்டு
12-07-2025

அம்சவல்லி அக்கா,

அக்கா என்று எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் துள்ளிவிட்டேன். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், அதுவும் எட்டு, இதுவும் எட்டு!" என்றேன். அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஏன் அழுகை வந்தது என்று சொல்கிறேன். ரோட்டோரம் எட்டு எண்ணிய மறுநாள் நான் மாரியின் முன்னால் எட்டுத் தக்காளி வைத்தேன். எத்தனை என்று கேட்டேன். "எட்டு இல்ல, லாரி இல்ல" என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு எட்டு என்பது எண் இல்லை. அது ட்ரெய்லருக்கு நான் வைத்த பெயர். வேப்பமரத்துக்கு வேப்பமரம் என்று பெயர் வைப்பது போல. தக்காளியைக் காட்டி வேப்பமரம் என்று சொன்னால் நீங்களும்தானே கோபப்படுவீர்கள்?

இப்போது அவளாகவே எட்டை லாரியிலிருந்து இறக்கி இட்லித் தட்டில் வைத்திருக்கிறாள். எட்டு யாருக்கும் சொந்தமில்லை, எதன்மேலும் வந்து உட்காரும், எழுந்தும் போகும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்து இது வராது. நான் சொல்லிக்கொடுத்துத் தோற்றவள். அவளுக்குள் ஒரு கதவு திறந்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். அதனால்தான் அழுகை வந்தது.

பொறாமையாக இருக்கிறது அக்கா. அந்த இடத்தில் நான் இல்லையே.

முடிந்தால் ஒன்று செய்து பாருங்கள். மேல் தட்டில் ஒரு குழியைக் காலியாக விடுங்கள். என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். "அப்படியா" என்று மட்டும் சொல்லுங்கள்.

சுபஸ்ரீ


வடக்குப்பட்டு
20-07-2025

டீச்சர்,

நான் கெடுத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஒரு குழியைக் காலியாக விட்டேன். மாரி அந்தக் குழிக்குள் விரலை விட்டாள். "ஒண்ணு போச்சு" என்றாள். உடனே உதடு பிதுங்கியது. "அப்பா போச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் இட்லியை எடுத்துக் குழியில் வைத்து எப்படியோ சமாதானம் செய்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குப் பேராசை வந்துவிட்டது. பெண்ணுக்குக் கணக்கு வருகிறதே, இன்னும் கொஞ்சம் தள்ளினால் என்ன என்று வாய்ப்பாட்டுப் புத்தகம் வாங்கி வந்தேன். வாரம் முழுக்க உட்கார வைத்து ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று சொல்லச் சொன்னேன். நேற்று அவள் புத்தகத்தை எடுத்து அடுப்புப் பக்கம் வீசினாள். என் கை நீண்டுவிட்டது. கன்னத்தில்.

நான் பத்தாவதில் கணக்கில்தான் பெயிலாகிப் போனேன். எங்கள் வாத்தியார் போர்டின் முன்னால் நிற்கவைத்து, "ஒன் தலையில இன்னா களிமண்ணா கீது?" என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். நேற்று மாரியை அடிக்கும்போது நானும் அதையே சொன்னேன் டீச்சர். அதே வார்த்தை. என் வாயில் இருந்து வந்தது.

இன்று அவள் என்னிடம் வரவில்லை. சந்திரம்மாவின் முந்தானைக்குள்ளேயே இருக்கிறாள். என்ன செய்வது?

அம்சவல்லி


வடக்குப்பட்டு
22-07-2025

அக்கா,

முதலில் வாய்ப்பாட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போடுங்கள். அடுத்து, மாரியிடம் போய் "அம்மா அடிச்சது தப்பு" என்று சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், இந்த மூன்று வார்த்தை. அவளுக்கு நீளமான சமாதானம் புரியாது, சின்னது நன்றாகப் புரியும்.

உங்கள் கணக்கு வாத்தியாரை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது. எல்லா ஊரிலும் ஒருவர் இருந்தார்.

இப்போது கழித்தலுக்கு வருவோம். அவள் கணக்குக்கு அழவில்லை. ‘போச்சு’ என்ற சொல்லுக்கு அழுகிறாள். போனது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா போனார், எங்கே என்று தெரியாது. இட்லியும் போயிற்று என்கிறோம், எங்கே என்று சொல்வதில்லை. போன இடம் தெரிந்தால் அழ மாட்டாள்.

அதனால் கழித்தலைச் சாப்பிட வையுங்கள். எட்டு இட்லி வைத்து ஒன்றை அவள் வாயில் போடட்டும். "எங்க போச்சு?" என்று கேளுங்கள். வயிற்றைக் காட்டுவாள். பிறகு தட்டில் எத்தனை என்று கேளுங்கள். கணக்கு நடந்தால் நடக்கட்டும். நடக்காவிட்டால் அவள் சாப்பிட்டாளே, அது மிச்சம்.

அப்பா போன் செய்யும்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அவளிடமே சொல்லச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் புரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சுபஸ்ரீ


வடக்குப்பட்டு
31-07-2025

அன்புள்ள டீச்சருக்கு,

சந்திரம்மா உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள். "கணக்கு சொல்லித் தர்றேன்னு என் கடையையே காலி பண்ணிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்" என்கிறாள். மாரி தினமும் காலையில் கழித்தல் போடுகிறாள். சட்னியோடு.

முதல் நாள் ஒரு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு வயிற்றைத் தட்டிக் காட்டினாள். தட்டைப் பார்த்தாள். விரல் வைத்து எண்ணி "ஏழு" என்றாள். அடுத்தது ஆறு. ஐந்துக்கு வந்ததும் போதும் என்று தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. கணக்கு ருசித்துவிட்டது. நாலுக்கு வந்து ஏப்பம் விட்டாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கம்பெனிப் பையன் ஒருவன் கைதட்டினான். உடனே இவள் அவன் தட்டுக்குப் போய், அவன் எடுத்த ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு சொன்னாள். பாவம், அவன் இன்னொரு பிளேட் வாங்கிச் சாப்பிட்டான்.

அடித்ததற்கு நீங்கள் சொன்ன மூன்று வார்த்தையைச் சொன்னேன். என் கன்னத்தில் லேசாக ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். கணக்கு சரியாகிவிட்டது போல.

அவரும் போன் செய்தார். நான் சொல்லச் சொன்னபடி, "ஏட்டி மாரி, அப்பா நாக்பூர்ல நிக்கேன்ட்டி. சோறு தின்னுட்டுக் கெளம்பிருவேன்" என்றார். தெற்கத்திப் பேச்சு, கல்யாணம் ஆகிப் பதினைந்து வருடமாகியும் மாறவில்லை. மாரி போனை வைத்துவிட்டுத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "அப்பா நாப்பூர், அப்பா நாப்பூர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அழவில்லை டீச்சர். ஒரு சொட்டு இல்லை.

அடுத்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். காலையில் சும்மாதான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை நானே மாரியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. பத்து, இருபது எல்லாம் பிறகு. முதலில் ‘நில்’ என்றால் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். கோடு போட்டால் கோட்டைத் தாண்டக் கூடாது. அதுவும் கணக்குதானே?

உங்கள்மேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிவிடவா?

அம்சவல்லி


வடக்குப்பட்டு
12-08-2025

அம்சா அக்கா,

உங்களைப் பார்த்ததும் சொல்ல வேண்டும் என்று ஒரு பெரிய மன்னிப்பைப் பாடம் பண்ணி வைத்திருந்தேன். நீங்கள் வாசலில் நின்று என் வயிற்றைப் பார்த்து "இன்னா டீச்சர், எத்தினி மாசம்?" என்று கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. ஏழு முடியப் போகிறது என்று மட்டும் சொன்னேன். இத்தனை நாள் கடிதத்தில் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டீர்கள். உங்களிடம் இரக்கம் வாங்குவது போல ஆகிவிடக் கூடாது என்றுதான் சொல்லவில்லை.

புகாரை வாங்காதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். என் இடத்துக்கு நாளைக்கு வருகிறவர் படிக்கட்டும்.

மாரி செய்தி: பள்ளி வாசலில் மஞ்சள் கோடு அடித்தோம். கோட்டுக்கு வந்தால் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், பெரியவர் கை கிடைத்த பிறகே தாண்ட வேண்டும். இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து மற்றவர்களையும் விடுவதில்லை. நேற்று தலைமையாசிரியரின் ஸ்கூட்டர் முன்னால் கையை நீட்டி "நில்லு" என்றாள். அவர் காலை ஊன்றி நின்றார், இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு இவளிடம் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு தாண்ட வைத்தாள். எண்ணிக்கை இப்போது பதினைந்தைத் தாண்டிவிட்டது. சில நாள் இருபது வரை போகிறாள்.

நாளையிலிருந்து எனக்கு விடுப்பு. மண்ணூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். ஜாஸ்மின் என்று ஒரு டீச்சர் வருவார். நல்லவர்.

போவதற்கு முன் ஒன்று. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். வளைகாப்பில் என் மாமியாரின் தங்கை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அந்தப் புள்ளைங்க மூஞ்சியே பாத்துக்கினு இருந்தா வயித்துல கீறதும் அப்படியே பொறக்கும். வேலைய வுட்டுடு." எனக்கு வந்த கோபத்தில் வளையல் உடைகிற மாதிரி எழுந்து போனேன். அது வரை சரி. ஆனால் அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது என் கை நடுங்கியது அக்கா. நான் யார், என்ன வேலை செய்கிறேன், மாரி யார் என்றெல்லாம் தெரிந்தும் நடுங்கியது. இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் உங்கள் அன்பை வாங்கிக்கொண்டு போவது அதைவிட வெட்கம்.

சுபா


வடக்குப்பட்டு
18-08-2025

சுபா,

உடனே பதில் எழுதவில்லை. கோபம்தான். நீயுமா என்று இருந்தது. மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிறகு மாரி பிறந்த நாள் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா டவுன் சிண்ட்ரோம் என்று ஏதோ சொன்னார். எனக்கு ‘டவுன்’ மட்டும்தான் கேட்டது. டவுனில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்து, எந்த பஸ் என்று கேட்டேன். விஷயம் புரிந்த பிறகு மூன்று நாள் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவளுக்கே நடுங்கியது. உனக்கு நடுங்கினால் என்ன? நடுங்காதவர்கள்தான் வளைகாப்பில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

மாரி மாதிரிப் பிறந்தால் என்ன ஆகும் என்று எழுதுகிறேன், கேட்டுக்கொள். நன்றாகத் தூங்கும். யாரைப் பற்றியும் புறம் பேசாது. நீ அழுதால் காரணம் கேட்காது, பக்கத்தில் வந்து உட்காரும். காய்ச்சல் வந்தால் உன் உயிரை எடுக்கும். மற்ற பிள்ளைகள் ஓடும்போது அது நடக்கும், உனக்கு வயிறு எரியும். ஒரு நாள் திடீரென்று இட்லியைப் பார்த்து எட்டு என்று சொல்லும். அன்றைக்கு இந்த ஒரகடத்திலேயே உன்னை மாதிரிப் பணக்காரி கிடையாது.

அப்படியே பிறந்தாலும் பயப்படாதே. கணக்கு சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.

இப்போது என் பாடு. வருகிற 29-ஆம் தேதி வல்லக்கோட்டையில் என் தம்பி ரகுவுக்குக் கல்யாணம். முருகன் கோயிலில் தாலி கட்டி, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. பெரிய மாமா சண்முகசுந்தரம் நேற்று வந்து, "பொண்ணு வூட்டுக்காரங்கல்லாம் வருவாங்க. மாரிய சந்திரம்மா கிட்ட வுட்டுட்டு வந்துடும்மா, அதுக்கும் நிம்மதி" என்றார். அதுக்கும் நிம்மதியாம். முன்னே என்றால் சரி என்று சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை, ஆனால் பயமாகவும் இருக்கிறது. கூட்டத்தில் ஏதாவது ஆகி எல்லோரும் சிரித்தால்? கூட்டிப் போகட்டுமா?

நீயும் வர வேண்டும்.

அம்சா


மண்ணூர்
24-08-2025

அம்சா அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கணக்கு சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்" என்ற இடத்தில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். வந்து, "அந்தப் பொண்ண ஒரு நாளைக்கு நம்ம வூட்டுக்குச் சாப்புட வரச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து என் கை நடுங்கவில்லை.

கல்யாணத்துக்கு வர முடியாது. நம் ரோட்டில் லாரிகள் போட்டு வைத்திருக்கும் பள்ளங்களைச் சொன்னதும் டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

மாரியைக் கூட்டிப் போங்கள். ஆனால் யாருக்கும் எதையும் நிரூபிப்பதற்காக வேண்டாம். பெரிய மாமாவின் முன்னால் நிறுத்தி "எட்டு சொல்லு" என்று சொல்லாதீர்கள். அவள் மாமா கல்யாணம், அவள் போகிறாள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். பிடித்தால் செய்யட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும்.

சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கு நான் என்ன சொல்ல? அக்கா, உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றையும் எழுத வேண்டும். புடவை நிறம் உட்பட.

சுபா


வடக்குப்பட்டு
30-08-2025

சுபாவுக்கு,

பெண்ணுக்குக் கத்தரிப்பூ நிறப் பட்டு. எனக்குப் பச்சை. மாரிக்கு நீலப் பாவாடை, அவளே எடுத்தது. தலை நிறைய கனகாம்பரம். மாரி அப்பா விடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். வண்டியை யார்டில் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டார். மாரி கூட்டத்தில் அவரைப் பார்த்து "நாப்பூர்!" என்று கத்தினாள். தாலி கட்டுகிற நேரம். ஐயரே திரும்பிப் பார்த்தார்.

பந்திக்கு இலை போடுகிற வேலையை மாரிக்குக் கொடுத்தேன். நான் கொடுத்தேன் என்பது பொய். சமையல்காரர் இலைக் கட்டைப் பிரித்ததுமே இவள் போய்க் கையை நீட்டிவிட்டாள். ஒரு மேஜைக்கு ஆறு நாற்காலி. முதல் மேஜையில் நான் கூட நின்றேன். நாற்காலியைத் தொடுவாள், இலையைப் போடுவாள், "ஒண்ணு" என்பாள். அடுத்த நாற்காலி, "ரெண்டு". இரண்டாவது மேஜையில் என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லித் தள்ளிவிட்டாள். அவள் பின்னாலேயே அவர் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு போனார். "மெதுவாட்டி, அப்பா வரட்டும்" என்று கெஞ்சிக்கொண்டே.

கடைசி மேஜையில் தப்பு நடந்துவிட்டது. யாரோ நடுவில் அவளைக் கூப்பிட்டு வாழைப்பழம் கொடுத்தார்கள். திரும்பி வந்து எண்ணிக்கை பிசகி, ஆறு நாற்காலிக்கு ஏழு இலை போட்டுவிட்டாள். பந்தி ஆரம்பித்து எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ஓரத்தில் ஒரு இலை சும்மா கிடக்கிறது. பெரிய மாமா சரியாக அந்த இலைக்குப் பக்கத்தில்.

"பாத்தியாம்மா. நான் அப்பவே இன்னா சொன்னேன்?" என்றார். பெண் வீட்டார் இரண்டு பேர் திரும்பினார்கள். ஓடிப் போய் அந்த இலையை மடித்து எடுத்துவிடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்தது, திருத்தாதே என்று. நின்றுவிட்டேன்.

மாரி அந்த இலையைப் பார்த்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் முதுகையும் சேர்த்துத்தான். ஆறுக்கு வந்தாள். ஏழாவது இலைக்கு நாற்காலி இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். மண்டபமே பார்க்கிறது. பிறகு விடுவிடு என்று மூலைக்குப் போய், அடுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு நாற்காலியைத் தரையில் கிரீச்சிட இழுத்து வந்து, அந்த இலைக்கு முன்னால் போட்டாள். "ஏழு" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். பரிமாறுகிறவரைப் பார்த்து "சாம்பார்" என்றாள்.

சிரித்தார்கள் சுபா. எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்த அந்தச் சிரிப்பு இல்லை. பரிமாறுகிறவர் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். பெண்ணின் அம்மா எழுந்து வந்து மாரி இலையில் தன் கையால் இன்னொரு லட்டு வைத்தார். பெரிய மாமாவுக்குப் புரையேறிவிட்டது. மாரிதான் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். தப்பு எங்கே போயிற்று என்று தேடினேன். காணவில்லை.

இன்னும் முடியவில்லை. சாயங்காலம் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே வேனில் வடக்குப்பட்டுக்குத் திரும்பினோம். மாரி நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினெட்டில் ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். இவள் நிறுத்தவில்லை. பத்தொன்பது, இருபது என்று காற்றைத் தொட்டு எண்ணினாள். இருபதோடு அவளுக்குத் தெரிந்த எண் முடிந்துவிட்டது. என்னைப் பார்த்து "அப்புறம்?" என்றாள்.

"ஆளே இல்லியேடி" என்றேன்.

"அப்புறம்?" என்றாள் மறுபடியும்.

முன் சீட்டிலிருந்து பெரிய மாமா திரும்பாமலே "இருபத்தொண்ணு" என்றார்.

"அப்புறம்?"

"இருபத்திரெண்டு." இது ரகு. புது மாப்பிள்ளை. பக்கத்தில் புதுப்பெண் வெட்கப்பட்டுக்கொண்டே "இருபத்திமூணு" என்றாள். அப்புறம் யார் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. வேனே கத்தியது. மாரி அப்பா ஜன்னல் கம்பியில் தாளம் போட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் மாரி "அப்புறம்? அப்புறம்?" என்று துள்ளினாள். முப்பது, நாற்பது. பத்தாவதில் கணக்கில் போன நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

எங்கள் தெருவில் வேன் நின்றுவிட்டது. யாரும் இறங்கவில்லை. எண்பதைத் தாண்டிக்கொண்டிருந்தோம். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, "நூறு வரட்டும், அப்பால எறங்கிக்கலாம்" என்று அவரும் சேர்ந்துகொண்டார். நூறு வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாரி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்புறம்?"

மாமா கூடையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

அம்சா